மணி மட்டும்

வாட்சைக் கழற்றிக் கவருக்குள் போட்டு ஒட்டியதிலிருந்து இடது மணிக்கட்டில் குளிர்கிறது. ஏப்ரல் மாதத்துத் திண்டுக்கல்லில், மூன்று ஃபேனில் ஒன்று மட்டும் சுற்றுகிற பரீட்சை ஹாலில், எனக்கு மட்டும் குளிர். அந்த இடத்தில் இப்போது வேறொரு வாட்ச் இருக்கிறது. வெள்ளை முகம், கறுப்பு முள், பழுப்புத் தோல் வார். ஆனாலும் குளிர்கிறது, ஏனென்றால் இது தோலின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கேள்வித்தாள் கொடுத்தாயிற்று. எல்லாரும் குனிந்துவிட்டார்கள். பொருளாதாரம் ஒரு வரிசை, வேதியியல் ஒரு வரிசை. இவர்களில் ஒருவருக்கும் என்னைப் பிடிக்காது, எனக்கும் இவர்களைப் பிடிக்காது, அதனாலேயே பரீட்சை ட்யூட்டி எனக்கு நிம்மதி. யாரும் என்னைப் பார்ப்பதில்லை. நான்தான் பார்க்கிறேன். பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம். அவன் சம்பளம் வாங்காமல் பார்க்கிறான். அவன். மனசுக்குள் எப்போதும் அவன்தான். வாயில் 'என்னங்க', 'நீங்க', ஸ்டாஃப் ரூமில் 'எங்க வீட்டுக்காரர்'. சந்தானகிருஷ்ணன் என்கிற என் புருஷன், ஸ்பின்னிங் மில்லில் கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர், இந்நேரம் மேஜைமேல் போனைச் சாய்த்து வைத்திருப்பான். அதில் ஒரு ஓரத்தில் என் நாடி ஓடிக்கொண்டிருக்கும். இன்றைக்கு ஓடாது. ஓடாவிட்டால் அங்கே என்ன தெரியும்? பூஜ்யமா, நேர்கோடா, வெறும் இருட்டா? காலையில் சொல்லியிருக்கலாம், 'இந்த வருஷம் புது சர்க்குலருங்க, ட்யூட்டி பாக்கறவங்களும் ஸ்மார்ட் வாட்ச் கட்டக்கூடாதாம்' என்று. சர்க்குலர் வந்து ஒரு வாரம் ஆகிறது. தினமும் தொண்டை வரை வந்தது, தினமும் முழுங்கினேன். மறந்துபோய் அல்ல. வேண்டுமென்றேதான். என்ன செய்கிறான் பார்ப்போமே என்று ஒரு கெட்ட ஆசை.

"பொன்னு, கையக் காட்டு." காலை காபிக்குப் பிறகு அவன் சொல்கிற முதல் வார்த்தை அதுதான். ராத்திரி சார்ஜ் போடுவது அவன் வேலை, காலையில் கட்டிவிடுவதும் அவன் வேலை. நான் கையை நீட்டுவேன். வாரை இழுத்து ஒரு துளை இறுக்கமாகவே மாட்டுவான், தளர்ந்தால் சரியாக எடுக்காதாம். அடியில் பச்சை வெளிச்சம் ஒளிந்து ஒளிந்து எரியும். அந்த இடத்தில் தோல் தடித்து, அரித்து, சதுரமாக வெளுத்துப்போயிருக்கிறது. கையைக் காட்டு என்று யார் யாரெல்லாம் சொல்வார்கள்? ஊசி போடுகிற நர்ஸ், பிரம்பு வைத்திருக்கிற வாத்தியார், விலங்கு வைத்திருக்கிற போலீஸ். அப்புறம் இவன். ஆனால் ஆரம்பத்தில் நானே ஆசையாகத்தான் நீட்டினேன், அதை மறைத்து என்ன பிரயோஜனம். ஐந்தாம் மாசத்தில் குழந்தை போய், ரத்தக் கொதிப்பு ஏறி, பாத்ரூமில் விழுந்து கிடந்தேன். அவன்தான் கதவை உடைத்துத் தூக்கினான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பெட்டியைப் பிரித்து இதை என் கையில் கட்டினான். கண் கலங்கியிருந்தது. "இனிமே நீ எங்க விழுந்தாலும் எனக்குத் தெரியும்" என்றான். எனக்கும் கண் கலங்கியது. என்ன அன்பு. அந்த வாக்கியத்தை இப்போது திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், அதில் பொய்யே இல்லை. எங்கே விழுந்தாலும் தெரியும். எங்கே நின்றாலும், எங்கே உட்கார்ந்தாலும், எந்தப் படியில் மூச்சு வாங்கினாலும். அவன் சொன்னபடி செய்கிறவன். அதுதான் பயம்.

மூன்றாவது பெஞ்சில் ஒருத்தன் திரும்புகிறான். நான் பார்த்ததும் குனிகிறான். என் முகத்தில் என்னதான் இருக்கிறதோ. ரெஜினா சொல்வாள், "பொற்கொடி, நீங்க சிரிச்சா நல்லாத்தான் இருக்கும், ஏன் இப்படி இஞ்சி தின்ன மாதிரியே இருக்கீங்க?" காமர்ஸ் ரெஜினா மேரி. அவள் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. ஒரு தரம் ஸ்டாஃப் ரூமில் பிரின்சிபால் நடப்பதுபோல் நடந்து காட்டினாள், நான் சிரித்துச் சிரித்து மேஜைமேல் சாய்ந்துவிட்டேன். அன்று சாயங்காலம் டிபனுக்கு உட்காரும்போது அவன் கேட்டான், "மத்தியானம் நூத்துப் பதினெட்டு ஏறியிருக்கே, என்ன?" சிரித்தேன் என்றேன். "எதுக்கு?" சொன்னேன். "யார் யார் இருந்தாங்க?" சொன்னேன். "சிரிச்சதுக்கா இவ்வளவு?" கத்தவில்லை. அவன் கத்துகிறவன் இல்லை. கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், நானும் திருப்பிக் கத்தலாம். இட்லியைப் பிட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்பான், கேட்டுவிட்டு என் பதிலுக்கு என்ன துடிக்கிறது என்று போனைப் பார்ப்பான். அன்றிலிருந்து சிரிப்பைக் குறைத்தேன். படியேறுவதை மெதுவாக்கினேன். பஸ்ஸுக்கு ஓடுவதில்லை, விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுகிறேன். நெஞ்சைக்கூட அடக்கப் பழகிவிட்டேன், மூச்சை இழுத்து, நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு. இப்போதெல்லாம் என் நாடி தூங்குகிற மாடு மாதிரி இருக்கிறது. "பாத்தியா, எவ்வளவு நல்லா இருக்கே" என்கிறான். எல்லாருக்கும் அவன் தெய்வம். வத்தலக்குண்டு அக்காவிடம் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். "உனக்குக் கொழுப்புடி" என்றாள். "என் வீட்டுல இருக்கிறது எனக்கு மூச்சு இருக்கா இல்லையான்னே பாக்காது." அதோடு சரி. அடிக்கிறவனைப் பற்றிச் சொல்லலாம், குடிக்கிறவனைப் பற்றிச் சொல்லலாம். என் நெஞ்சு துடிப்பதைக் கவனிக்கிறான் என்று எந்த ஊரில் போய்ப் புகார் சொல்வது?

"மேடம், டைம் என்ன?" கடைசி வரிசைப் பெண். சுவர்க்கடிகாரம் போன பரீட்சையிலேயே நின்றுவிட்டது, மாற்றவில்லை, இந்தக் காலேஜில் எதையும் மாற்றமாட்டார்கள். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துச் சொல்கிறேன். சொல்லும்போது ஒரு சின்னச் சந்தோஷம், திருட்டுச் சந்தோஷம். கேட்டவளுக்குச் சொன்னேன், அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. பாதிப் பேர் முன்னால் வாட்சைக் கழற்றி டெஸ்க்கில் படுக்க வைத்திருக்கிறார்கள். வருஷம் பூராவும் போனில் முகத்தைப் புதைத்துக் கிடக்கிற கூட்டம், பரீட்சை வந்தால் மட்டும் முள் வாட்ச் தேடுகிறது. அண்ணனுடையது, அப்பாவுடையது, ஒருத்திக்கு வார் பெரிதாகி முழங்கை வரை போய்ப் போய் வருகிறது. தமிழ்த்துறைச் சொக்கநாதன் இதைப் பார்த்தால் உருகியிருப்பார். அவர் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து, 'இதன் டிக் டிக்கில் ஒரு ஜீவன் இருக்கம்மா, நம்ம காலத்து ஆத்மா' என்பார். பழசு என்றதும் உருகுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜீவனாவது, மண்ணாவது. ஜீவன் இல்லாததுதானே அதன் நல்ல குணம். ஜீவனோடு ஒன்றைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாடு போதாதா? கல்யாணத்தில் எங்கப்பா அவனுக்கும் ஒரு வாட்ச் போட்டார். மாப்பிள்ளை வாட்ச், தங்க நிறம், போட்டோவில் அவன் கை மட்டும் தனியாக மின்னும். வீட்டில் அதைத் தொடமாட்டான். 'சும்மா மணி காட்டுற டப்பா' என்பான். ஆனால் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பீரோவைத் திறந்து அதைத்தான் மாட்டிக்கொண்டு கிளம்புவான், சட்டைக்கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டுக்கொள்வான். ஊருக்குள் போகும்போது அவனுக்கு வேண்டியது அது. எனக்குக் கட்ட வேண்டியது அந்தப் பச்சை வெளிச்சம். தன்னை யாரும் எண்ணக்கூடாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

போன வாரம் ஒரு மத்தியான இடைவேளையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து வாட்ச் கடையில் ஏறினேன். எப்படி ஏறினேனோ, கையில் ஸ்மார்ட் வாட்ச் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது, கடைவாசலில் நான் நிற்பது அவன் போனில் ஒரு நீலப் புள்ளியாக நின்றிருக்கும். கடைக்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "இது தேதி காட்டும்மா." வேண்டாம் என்றேன். "இது இருட்டுல மின்னும்." வேண்டாம். "இது தண்ணிக்குள்ள போனாலும்..." நான் தண்ணிக்குள்ளே போகல என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப வேற என்னதாம்மா காட்டணும்?" "மணி மட்டும்." சிரித்தார். "போன் வந்ததும் இந்தத் தொழிலே போச்சுன்னுதான் நெனச்சோம். எங்கம்மா போச்சு? பரீட்சைக்குப் புள்ளைங்க வருதுங்க, கல்யாணத்துக்கு மாப்பிள்ளைங்க வர்றாங்க. இப்ப சும்மா அழகுக்கே வாங்குறாங்க. என்னமோ மவுசு போகவே மாட்டேங்குது." அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் இதைக் கையில் வைத்துப் பார்த்தேன். பின்பக்கம் திருப்பினேன். வெறும் தகடு. கண் இல்லை. அங்கே கண் இல்லை என்பதைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தேன், கடைக்காரர் கீறல் தேடுகிறேன் என்று நினைத்து, "புதுசும்மா, கீறலே இருக்காது" என்றார். ஏன் மவுசு போகவில்லை என்று இவர்களெல்லாம் யோசித்து யோசித்து அழகு, கௌரவம், பரம்பரை என்கிறார்கள். எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இது கோள் சொல்லாது. வீட்டில் அன்றைக்கே கேள்வி வந்தது. "வாட்ச் கடையில என்ன வேலை உனக்கு?" ரெஜினாவுக்கு வார் மாற்ற வேண்டியிருந்தது, கூடப் போனேன் என்றேன். மூச்சை இழுத்து, நிறுத்தி, மெதுவாக விட்டு. போனைப் பார்த்தான். மாடு தூங்கிக்கொண்டிருந்தது. "சரி" என்றான். வாட்ச் ரெஜினாவின் மேஜை டிராயரில் இருந்தது. எதற்கு வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை என்று அவள் கேட்கவில்லை. வாய்க்குப் பூட்டே இல்லாதவள் அதை மட்டும் கேட்காமல் விட்டதுதான் எனக்கு என்னமோ செய்தது. இன்று காலையில் நானே கட்டினேன். ஒற்றைக் கையால் கட்டுவது மறந்துபோயிருந்தது. வாரின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தேன், தோல் கசந்தது.

"மேடம், ஷீட்." எழுந்து போய்க் கொடுக்கிறேன். கையெழுத்துப் போடுகிறேன். என்ன செய்துகொண்டிருப்பான்? முதலில் சிக்னல் இல்லை என்று நினைப்பான். எனக்குப் போன் அடிப்பான், போனும் ஆபீஸில் அதே கவரில். ஒரு தரம், இரண்டு தரம். அப்புறம் எழுந்துகொள்வான். இல்லை, எழுந்திருக்கமாட்டான், மீட்டிங்கில் இருப்பான். இல்லை, மீட்டிங்கிலும் பார்ப்பான். நான் செத்துவிட்டேன் என்று நினைப்பானா? நினைத்தால் அழுவானா? அழுவான். நிஜமாகவே அழுவான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவன் அழுவதை நினைத்தால் பாவமாக இருக்கிறது. பாவம் வந்ததும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது. இந்தப் பாவம்தான், இந்த அசட்டுப் பாவம்தான் தினமும் காலையில் கையை நீட்டுகிறது. ஒரு நாளாவது நீட்டாமல் இருந்திருக்கிறேனா? காய்ச்சலில் கிடந்தபோதும் போர்வைக்குள்ளிருந்து நீட்டினேன். வாசலில் செருப்புச் சத்தம். அட்டெண்டர் வெள்ளைச்சாமி தலையை உள்ளே நீட்டுகிறார். எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் வாயைத் திறக்கும் முன்னாலேயே தெரிந்துவிட்டது.

"மேடம், நல்லாத்தான இருக்கீங்க?" என்கிறார். நல்லாத்தான் இருக்கேன், என்ன? "ஒங்க வீட்டுக்காரரு ஆபீஸுக்குப் போன் போட்டாரு. ஏதோ வாட்சுல ஒங்க துடிப்பே காணோமாம். மயங்கி கியங்கி விழுந்துட்டாங்களான்னு போனுலயே அழுவுறாரு. சீஃப் சார் பதறிப் போயி, போய்ப் பாத்துட்டு வான்னு தொரத்துனாரு." முன் பெஞ்சுப் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், கனிவாக, சினிமா பார்க்கிற மாதிரி. எழுதுடி என்று கத்த வேண்டும்போலிருக்கிறது. "உயிரோட இருக்கேன்னு சொல்லுங்க" என்கிறேன். வெள்ளைச்சாமி போகிறார், போகும்போது, "இப்பிடி ஒரு மனுஷன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போகிறார். அழுதானாம். மூன்று மணி நேரம்கூட எனக்கில்லை. நான் ஒருவருக்கும் தெரியாமல் உயிரோடிருக்க எனக்கு மூன்று மணி நேரம்கூடக் கிடையாது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, காதில் கேட்கிறது, பழக்கத்தில் மூச்சை இழுக்கிறேன், நிறுத்துகிறேன். யாருக்காக நிறுத்துகிறேன்? விட்டுவிட்டேன். அடிக்கட்டும். நூறு, நூற்றிருபது, என்ன வேண்டுமோ அடிக்கட்டும், எண்ண ஆளில்லை.

சீஃப் சூப்பரின்டென்டென்ட் தட்சிணாமூர்த்தி சாரே வருகிறார், கையில் என் கவரோடு. காலையில் இதே மனுஷன் என் கையைப் பார்த்து, "கழட்டுங்கம்மா, ரூல்னா ரூல், எனக்கு மட்டும் கழட்டணும்னு ஆசையா?" என்று எரிந்து விழுந்தார். இப்போது குரல் குழைகிறது. "நீங்க சொல்லியிருக்கலாமேம்மா, ஹெல்த் பிராப்ளம்னு. பாவம், மனுஷன் துடிச்சுப் போயிட்டார், நேர்லயே கிளம்பி வர்றார். இந்தாங்க, கட்டிக்கோங்க. மெடிக்கல் கிரவுண்ட்னு நான் எழுதிக்கறேன்." கவரை நீட்டுகிறார். உள்ளே என் போன் உறுமுகிறது, அவன் அழைக்கிறான். நான் கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்கிறேன், சின்னப் பிள்ளைமாதிரி. "வேண்டாம் சார்." "அட, நான்தான் பர்மிஷன் குடுக்கறேனே." "பறக்கும் படை வந்தா என் கையத்தான் சார் பாக்கும், உங்க பர்மிஷனப் பாக்காது." அது அவருக்குப் புரிகிற பாஷை. முகம் மாறுகிறது. ஆனாலும் விடவில்லை. "குடுத்து வெச்சவங்கம்மா நீங்க. என் சம்சாரம் நான் செத்தா மறுநாள்தான் கவனிப்பா." எல்லாரும் இதையே சொல்கிறார்கள். கவனிப்பாரில்லாத இவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று என் கைவிலங்கைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். கழற்றிக் கொடுத்தால் ஒருத்தராவது ஒரு நாள் கட்டிக்கொள்வார்களா? கவரோடு திரும்பிப் போகிறார். முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். நேர்லயே கிளம்பி வர்றார். மில்லிலிருந்து இங்கே எவ்வளவு தூரம்? ரயில்வே கேட் மூடியிருந்தால் கொஞ்சம் ஆகும். மூடியிருக்கட்டும். நீளமான கூட்ஸாக வரட்டும். வண்டி வண்டியாக, முடிவே இல்லாமல்.

கேட் திறந்துதான் இருந்திருக்கிறது. வராந்தாவில் அவன். சட்டை வியர்த்து முதுகோடு ஒட்டியிருக்கிறது, முடி கலைந்திருக்கிறது, கண் சிவந்திருக்கிறது, எல்லாம் நிஜம். சீஃப் சார் தூரத்தில் படிக்கட்டருகே நிற்கிறார், இந்தப் பக்கம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு. கவரைப் பிரித்து வாட்சை மட்டும் அவனிடம் கொடுத்துவிட்டார்கள். அதைக் கையில் பிடித்திருக்கிறான். வாசற்படி வரை வந்துவிட்டான். முதலில் என் முகத்தைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். அடுத்து என் கையைப் பார்த்தான். பார்த்தது பார்த்தபடி நின்றது. அந்த நிமிஷம் அவன் முகத்தில் அழுகை எங்கே போனது என்று நான் பார்த்தேன், வேறு யாரும் பார்க்கவில்லை. "இது என்ன?" என்றான், மெதுவாக. "வாட்ச்" என்றேன். "எங்க வாங்கின?" அவனுக்கே தெரியும், கடைவாசலில் நின்ற நீலப் புள்ளி அவனுக்கு இப்போது புரிந்திருக்கும், நான் சொன்ன பொய்யும், அந்தப் பொய்க்கு என் நாடி ஏறவில்லை என்பதும். அவனைக் கலக்கியது நாடி ஏறாததுதான் என்று நினைக்கிறேன். சிரித்தான். பிள்ளைகளுக்குக் கேட்கும்படி, "பயமுறுத்திட்டியே பொன்னு" என்றான். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தான். "கையக் காட்டு."

என் இடது கை எழுந்தது. நான் எழுப்பவில்லை, அதுவாக எழுந்தது, பழகிய நாய்மாதிரி. பாதியில் பார்த்தேன். ஹாலில் பேனாச் சத்தம் நின்றிருந்தது, அத்தனை பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கையாலேயே கதவுப் பலகையைப் பிடித்தேன். "ஹாலுக்குள்ள வெளியாள் வரக்கூடாது" என்றேன். குரல் என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. "நானா வெளியாள்?" "காலை எடுங்க. பரீட்சை நடக்குது." "பொன்னு..." "வெளியே நில்லுங்க." அவன் சீஃப் சாரைத் திரும்பிப் பார்த்தான். சீஃப் சார் தரையைப் பார்த்தார். ரூல்னா ரூல். காலை எடுத்தான். நான் கதவைச் சாத்தவில்லை, சாத்தினால் பயந்த மாதிரி ஆகிவிடும். திறந்தே வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சுகளுக்கிடையே நடந்தேன். "எழுதுங்க, என்ன வேடிக்கை?" என்றேன். எழுதினார்கள்.

ஜன்னலுக்கு ஜன்னல் அவன் வருகிறான். நான் இந்தக் கோடிக்குப் போனால் இந்த ஜன்னலில், அந்தக் கோடிக்குப் போனால் அந்த ஜன்னலில். கம்பிகளுக்குப் பின்னால் ஒரு முகம். கம்பிகளுக்குப் பின்னால் நிற்பது நானா அவனா என்று குழப்பமாகிறது. இப்போதே மன்னிப்புக் கேட்டுவிடலாம். ட்யூட்டி முடிந்ததும், 'தப்புத்தாங்க, பரீட்சைக்காக வாங்கினேன், சொல்ல மறந்துட்டேன்' என்றால் போதும். அவன் மன்னிப்பான். அதுதான் அவனுடைய பெரிய ஆயுதம், மன்னிப்பான், தலையைத் தடவுவான், வீட்டுக்குப் போய் இந்த வாட்சை அவனே கழற்றி, பீரோவில் தன் மாப்பிள்ளை வாட்சுக்குப் பக்கத்தில் வைப்பான், ஜோடியாக. அப்புறம் டிபனுக்கு உட்காரும்போது ஒரு கேள்வி. நாளைக்கு ஒன்று. யாரோடு கடைக்குப் போனே, ரெஜினா எதுக்கு உனக்கு இவ்வளவு தோஸ்து, எத்தனை நாளா பொய் சொல்றே. ஒரு கேள்விக்கு ஒரு இட்லி. ரெஜினாவின் பழக்கத்தையும் வெட்டிவிடுவான். வேலையை விடச் சொல்வான், உடம்புக்காக, என் நல்லதுக்காக. நான் விடுவேன். எனக்கு என்னைத் தெரியும், விட்டுவிடுவேன். வீட்டில் உட்கார்ந்து தூங்குகிற மாடாக ஆகிவிடுவேன். குழந்தை போன அன்று பாத்ரூமில் கிடந்தபோது தரையின் குளிர் கன்னத்தில் இருந்தது, யாரும் கதவைத் தட்டாத ஒரு கொஞ்ச நேரம் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அது என் துக்கம், என்னுடையது மட்டும். அதற்கப்புறம் என்னுடையது மட்டும் என்று எதுவுமே இல்லை. துக்கப்பட்டாலும் வரைபடமாக வருகிறது. அவன் ஜன்னலில் விரலால் தட்டுகிறான், மெதுவாக. நான் மணி பார்க்கிறேன். அவனையும் பார்க்கிறேன். முதல் தடவையாகத் தோன்றுகிறது, இவனுக்கு இப்போது என்னைப் பற்றி ஒன்றுமே தெரியாது. முகத்தைப் பார்க்கிறான், முகத்தைப் படிக்க மறந்துபோயிருக்கிறான். எவ்வளவு நாளாயிற்று இவன் என் முகத்தைப் பார்த்து.

பெல் அடித்தது. பேப்பர்களை வாங்கினேன், வரிசைப்படி அடுக்கினேன், கட்டினேன். பிள்ளைகள் அவனைத் தாண்டிப் போனார்கள். அவன் உள்ளே வந்தான், இப்போது தடுக்க ஒன்றுமில்லை. "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், வா" என்றான். நான் பேப்பர்க் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். பரீட்சைக் கட்டைச் சுமக்கிறவளை வழியில் யாரும் நிறுத்தக்கூடாது, அது சீஃப் சாருக்கும் தெரியும், அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும், ஒரு எட்டுப் பின்னாலேயே வந்தான். ஆபீஸில் நாலைந்து பேர் இருந்தார்கள். ரெஜினாவும் தன் கட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், என் பின்னால் பார்த்தாள், பேனாவை மூடினாள். "அம்மா, உங்க பொருள வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்து" என்று சீஃப் சார் ரெஜிஸ்டரைத் தள்ளினார். கவரில் இருந்த போனை எடுத்துக்கொண்டேன். "வாட்ச் என்னோடது இல்ல சார்" என்றேன். "அவரோடது. அதுல தெரியறதும் அவருக்குத்தான் தெரியும். அவர்கிட்டயே இருக்கட்டும். அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க." அவன் சிரிக்கப் பார்த்தான். "அவளுக்கு உடம்பு சரியில்ல சார், டென்ஷன்..." "எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றேன். "நான் இன்னைக்கு வீட்டுக்கு வரல." அதைச் சொல்ல வேண்டும் என்று திட்டமே இல்லை. வாயிலிருந்து விழுந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. பேனா சீஃப் சார் கையில் அந்தரத்தில் நின்றது. யாரிடம் நீட்டுவது என்று அவருக்குப் புரியவில்லை. கடைசியில் அவனிடம் நீட்டினார். அவன் வாங்கினான். வாங்காமல் இருக்க அவனுக்குத் தெரியவில்லை, அத்தனை பேர் முன்னால். என் பெயருக்கு நேரே அவன் கையெழுத்துப் போடுவதைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

ரெஜினா எனக்கு முன்னாலேயே இறங்கிப்போய் ஸ்கூட்டரை எடுத்துவிட்டிருந்தாள். எங்கே என்று கேட்கவில்லை. "எங்க வீட்டுல மீன் கொழம்பு" என்றாள், "திங்கமாட்டீங்க, ரசம் வெச்சுக்கலாம்." ஏறி உட்கார்ந்தேன். பையில் போன் நடுங்கியது, எடுத்து அணைத்தேன். சாயங்காலம் அக்காவிடம் சொல்ல வேண்டும், திட்டுவாள். திட்டட்டும். நாளைக்கு எதைக் கட்டிக்கொண்டு வருவேன், மாற்றுப் புடவைகூட இல்லையே என்று ஒரு நினைப்பு ஓடியது, அதன் பின்னாலேயே, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று ஒன்று. திரும்பிப் போய்விடலாம், இன்னும் நேரம் இருக்கிறது. வேப்பமர நிழலைத் தாண்டியதும் வெயிலில் கண் கூசியது. வண்டி காலேஜ் கேட்டை நெருங்கும்போது அவன் குறுக்கே ஓடிவந்து நடுவில் நின்றான், ஒரு கையைத் தூக்கி, மறு கையில் அது. ரெஜினா வேகத்தைக் குறைத்தாள். "நிறுத்தவா பொற்கொடி?" என்றாள். அவன் உதடு அசைந்தது. என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அவனுக்கு இடது பக்கம் ஒரு வண்டி போகிற அளவு வழி இருந்தது.

"வேண்டாம்" என்றேன். "போங்க."